பிரேக்கம்மா பார்த்த இரண்டு வண்டிகள்

பிரேக்கம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே யாரும் எடுத்துப் புழங்கவில்லை. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. பயிற்சிப் பள்ளிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் அவள் காலடியில். அவளுக்கு ஸ்டீயரிங் கிடையாது, கியர் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. அந்த ஒரே ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாக ஊரில் பாதிப் பேரின் உயிரை அவள் காப்பாற்றியிருந்தாள். மீதிப் பாதிக்கு அது தெரியாது.

பயத்தில் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் கல்லூரிப் பெண்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பல் டாக்டர் என்று எல்லா ரகமும் அவள் பார்த்தாயிற்று. அவர்களுக்கு ஆபத்து என்று உறைக்கும் முன்பே அவள் கால் வேலையை முடித்திருக்கும். பள்ளி முதலாளி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "நம்மகிட்ட லைசென்ஸ் வாங்கினவங்க பாதிப் பேரு இந்தம்மா பிரேக்குலதான் பாஸானாங்க" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். அடுத்த ஆள் யார் என்று நோட்டைப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறாவது வயதில் ஒரு நாள் கால் தப்பியது.

அன்று ஓட்டியது ஒரு தையல்கார அம்மா. அவளுக்கு அது எட்டாவது நாள் பயிற்சி. தபால் நிலையச் சந்திப்பில் திரும்பும்போது வண்டி குலுங்கி நின்றது. பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சைக்கிள்காரர் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பிரேக் போட்டது தையல்கார அம்மா. பிரேக்கம்மாவின் கால் விரிப்பின் மேல் சும்மா கிடந்தது.

"எங்கேருந்து வந்தாரு இவரு?" என்று கேட்டாள் பிரேக்கம்மா.

"ரொம்ப நேரமா வந்துக்கிட்டுதானே இருந்தாரு டீச்சர்" என்றாள் தையல்கார அம்மா.

"நல்லாப் பாத்தீங்க. இப்படித்தான் இருக்கணும்."

தையல்கார அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் யாரையும் பாராட்டி அவள் கேட்டதில்லை. பிரேக்கம்மா நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'நன்று' என்று எழுதிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் கண் மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வேகமாக அழுத்திக் காட்டுவோம் என்று விரலைத் தயாராக வைத்திருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை.

"மெஷின் ரிப்பேரா டாக்டர்?" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "இல்லைங்க. வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

நோய்க்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. பிரேக்கம்மா அதை மனதில் வாங்கவில்லை. நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும், ஓரம் மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும், மருந்து கிடையாது என்பது மட்டும் புரிந்தது. "கத்துக்கொடுக்கிறதை இன்னியோட விட்டுடுங்க" என்றாள் டாக்டர். "சொந்தமா ஓட்டுறதுன்னா, பகல்ல, தெரிஞ்ச ரோட்டுல, இப்போதைக்குப் பரவாயில்லை. ரெண்டு வருஷம், மூணு வருஷம் போகலாம். முன்னாடியே நிறுத்த வேண்டியும் வரலாம். வீட்டுல சொல்லிடுங்க."

பிரேக்கம்மா தலையாட்டினாள். வீட்டில் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தால் உள்ளே எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. வருத்தமாக இருக்கும், அழுகை வரும் என்று இரண்டு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். தண்ணீர்தான் வீணாயிற்று. பல் தேய்த்தாள், துணி மடித்தாள், தொலைபேசியில் மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம்தான், ஆனால் யாருடையதோ போல இருக்குமே, அப்படி அவள் முழுசாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

முதலாளியிடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டு, சாலைக் குறிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் அறைக்கு மாறிக்கொண்டாள். கணவரிடமும் அதே முதுகு வலிதான். அவர் மறுநாளே ஒரு மெத்தென்ற முதுகணை வாங்கி வந்து நாற்காலியில் கட்டிவிட்டார். பஸ் டெப்போவில் டைம்கீப்பர் அவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்பதுதான் அவருடைய உலகம். மகன் பிறந்த செய்தியைப் போய்ச் சொன்னபோது "எத்தனை மணிக்கு?" என்று கேட்டவர். கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தோஷம் வந்தால் அவருக்கு அப்படித்தான் வரும்.

ஐந்தாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு ஒரு கார் வாங்கணும்."

"வாங்கலாமே. ரெண்டாங்கையா பாத்தா நல்லதாவே கிடைக்கும்."

"ஸ்போர்ட்ஸ் கார்."

டைம்கீப்பர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நியாயம்தான். ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொந்தமாக ஒரு வண்டி வைத்திருந்ததில்லை. கார் என்றால் அவளுக்குப் பள்ளிக் கார்தான். தலையில் மஞ்சள் பலகை, பின்னால் பழகுநருக்கான 'எல்' எழுத்து, மூன்றாவது கியரைத் தாண்டாத வேகம், பக்கத்தில் வியர்த்து வழியும் ஒரு ஆள். இன்னும் ஓட்ட இருப்பது இரண்டோ மூன்றோ வருஷம் என்றால், அதையாவது பலகையும் பழகுநரும் இல்லாத ஒரு வண்டியில் ஓட்ட வேண்டும். இரண்டே இருக்கை உள்ளதாக இருந்தால் உத்தமம். யாரும் பின்னால் ஏறிக்கொண்டு சந்தேகம் கேட்க மாட்டார்கள். அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே ஆசை இது. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாம் மரத்துப் போன இடத்தில் இது ஒன்றுதான் தொட்டால் தெரிந்தது.

அவர் காரணம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. செய்தி கேட்ட மகன்தான் தொலைபேசியில் "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கவலைப்பட்டான். "ஒண்ணும் ஆகல, முதுகு வலி" என்று சொல்லி வைத்தார். பிறகு வார விடுமுறை நாள் ஒன்றைக் குறித்தார். காலை ஒன்பது பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.

பழைய கார் வியாபாரியின் வளாகம் நகர எல்லையில், கிடங்குகளுக்கு நடுவில் இருந்தது. வியாபாரி நல்ல மனிதர்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பள்ளிக் காரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கையும் அவள் வரச் சொல்லியிருந்தாள். அவர் முன்னதாகவே வந்து இரண்டு வண்டிக்கும் அடியில் புகுந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி நின்றார்.

இரண்டு வண்டிகள். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். சிவப்புக்கு வயது பதினான்கு. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, இறங்கத்தான் வேண்டும். நீலத்துக்கு வயது ஆறு. முன்கண்ணாடி பெரியது, இருக்கை மெத்தை, என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும்.

"நீலம் பத்து வருஷம் அலுங்காம ஓடும்" என்றார் மெக்கானிக். "செவப்பு ஒரு மூணு வருஷம் மானத்தைக் காப்பாத்தும். அப்புறம் எஞ்சினைப் பிரிச்சே ஆகணும்."

"மூணு வருஷம் போதும்ணே" என்றாள் பிரேக்கம்மா.

டைம்கீப்பர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பத்து பெருசா, மூணு பெருசா? எதையும் ஒரு கணக்கா யோசிம்மா."

"ரெண்டையும் ஓட்டிப் பாப்போம்" என்றாள்.

முதலில் நீலம். வியாபாரி கதவைத் திறந்துவிட்டார். அவள் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். பத்தொன்பது வருஷப் பழக்கம், கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. வியாபாரி ஒரு கணம் விழித்துவிட்டு, மேடம் முதலில் தன்னை ஓட்டிக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்து ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். அவருக்கு அன்று நேரம் சரியில்லை.

"கண்ணாடியைச் சரி பண்ணிட்டு எடுங்க. கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டாதீங்க, தேஞ்சிடும். திருப்பத்துல செகண்டுக்கு வாங்க. ஏன் இவ்வளவு அவசரம்?"

வளாகத்துக்குள் இரண்டு சுற்று முடிவதற்குள் வியாபாரிக்கு வியர்த்துவிட்டது. "மேடம், வண்டி வாங்குறது நீங்களா, நானா?" என்றார். பிரேக்கம்மாவுக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. அவள் கால் வேறு, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டு வந்திருந்தது. மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

சிவப்பை அவளே ஓட்டினாள். பக்கத்தில் கணவர், முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட, மடித்து வைத்த குடை மாதிரி உட்கார்ந்திருந்தார். கிளட்ச் கனம். கியர் வழுக்கிக்கொண்டு விழாது, சொல்லிச் சொல்லிப் போட வேண்டும். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வெறிச்சாலை. அதில் நான்காவது கியர் போட்டாள். என்ஜின் சத்தம் இருக்கை வழியாக முதுகுக்கு ஏறியது. சாலை நடுவில் ஒரு கோடு, அதன் முடிவில் வானம். நேரே இருப்பதெல்லாம் அத்தனை துல்லியமாகத் தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏழு வாரத்தில் சந்தோஷத்துக்குப் பக்கத்து வீடு வரைக்கும் வந்தது அது ஒன்றுதான். இந்த வண்டிதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

வளாகத்துக்குள் திரும்பும் இடத்தில் கணவர் அலறினார்.

"நில்லு, நில்லு, நில்லும்மா."

நிறுத்தினாள். அவள் பக்கம், கதவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆள் தலையில் இரட்டைக் கட்டில் மெத்தையைச் சுமந்துகொண்டு நின்றார். மெத்தையின் முனை பக்கவாட்டுக் கண்ணாடியை உரசியிருந்தது.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றார் மெத்தைக்காரர். "ஆளு தெரியாட்டி போகுது. இவ்வளவு பெரிய மெத்தையுமா தெரியல?"

அவருக்கு அடிபடவில்லை. திட்டிக்கொண்டே போய்விட்டார். பிரேக்கம்மா வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்று ஆண்களும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"வண்டியில கோளாறு" என்றார் டைம்கீப்பர். "முன்கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கே இந்தத் தூண், இதுதான் மறைக்குது. இவ ஓட்டி இப்படி ஆகவே ஆகாது. பத்தொன்பது வருஷ சர்வீஸ். இதுல ஆளே தெரியல, பாருங்க."

"கரெக்டா புடிச்சீங்க சார்" என்றார் வியாபாரி. நீலத்தை விற்றால் அவருக்கு நல்லது. "செவப்புல அந்தக் குறை உண்டு. நானே சொல்லலாம்னு இருந்தேன். மேடம், பேசாம நீலத்தை எடுத்துக்குங்க. கண்ணாடி எவ்வளவு அகலம் பாருங்க."

மெக்கானிக் சிவப்பு வண்டியில் உட்கார்ந்து, தூணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

பிரேக்கம்மா அங்கேயே நின்றாள். மூன்று பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். தலையை ஆட்டினால் போதும். தூண் மேல் பழியைப் போட்டுவிட்டு நீல வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு போகலாம். அடுத்த மெத்தைக்காரர் வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அடுத்து வருவது மெத்தையாக இல்லாமல் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். அதையும் அவள் நினைத்தாள். நினைத்தும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று வந்ததே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"ஏங்க, ஒரு உதவி பண்ணுங்க" என்றாள்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவள் ஒரு சோதனை வைப்பாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, அவளே கண்டுபிடித்தது. ஆளை ஸ்டீயரிங் முன் உட்கார்த்தி நேரே பார்க்கச் சொல்வாள். வண்டியின் பின்பக்கத்திலிருந்து இவள் மெதுவாக நடந்து வருவாள். தெரிந்ததும் சொல்ல வேண்டும். சாதாரணமாக அவள் முன்கதவைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவார்கள்.

அவள் நீல வண்டியில் உட்கார்ந்தாள். வளாகத்துச் சுவரில் எதிரே ஒரு ஆணி இருந்தது, அதையே பார்த்தாள். "பின்னாலேருந்து நடந்து வாங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

டைம்கீப்பர் உற்சாகமாக நடந்தார். நீல வண்டியின் பெருமையை நிரூபிக்கப் போகிறோம் என்று அவருக்கு நினைப்பு. பின்கதவு இல்லாத வண்டி. சக்கரம், கதவு, கண்ணாடி என்று வரிசையாகத் தாண்டினார். பானெட் பாதிக்கு வந்தார். முன்விளக்குப் பக்கம் வந்து நின்றார்.

"என்னம்மா, சொல்லவே இல்ல?"

குரல் கேட்ட பிறகும் அவர் தெரியவில்லை. இன்னும் இரண்டு அடி வைத்தார். அப்போதுதான் அவருடைய தோள், பிறகு மூக்குக் கண்ணாடி, பிறகு முழு முகம் வந்தது.

"இப்பத் தெரியுது" என்றாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "விளையாடாதே. மறுபடி வரேன்." மறுபடி வந்தார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு அடியாக. அதே இடம். செருப்பு முனையால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். மறுபக்கமும் போய் வந்தார். அங்கேயும் ஒரு கோடு.

அவள் இறங்கிப் போய்ச் சிவப்பு வண்டியில் உட்கார்ந்தாள். அவர் அதையும் சுற்றி நடந்தார். அங்கேயும் அதே அளவில்தான் கோடு விழுந்தது. தூண் தடிமனான வண்டிக்கும் கண்ணாடி அகலமான வண்டிக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லை. டைம்கீப்பர் கோடுகளைப் பார்த்தபடி நின்றார். கணக்கு பார்த்தே பழகிய ஆள். இந்தக் கணக்கு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிவிட்டது.

வியாபாரி ஒன்றும் புரியாமல் வந்தார். "மேடம், எந்த வண்டின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பத்தொன்பது வருஷத்தில் நான்கே நான்கு பேரிடம் பிரேக்கம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். ஓரமா நிறுத்துங்க, சாவியை எடுங்க, இறங்குங்க, நீங்க ஓட்ட வேணாம். நான்கு பேரும் அழுதார்கள். ஒருவர் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், அவரும் அழுதார். கார் ஓட்டாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று அவளுக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அதே வார்த்தையைத் தனக்கே, வாய்க்குள், வகுப்பில் பேசும் குரலில் சொல்லிக்கொண்டாள். சாவியை எடுத்தாள். இறங்கினாள்.

"ரெண்டும் நல்ல வண்டிதாங்க" என்றாள் வியாபாரியிடம். "யார் வந்து கேட்டாலும் தைரியமா சொல்லுங்க. தூண்மேல ஒரு தப்பும் இல்ல. ஓட்டுற ஆளுக்குத்தான் கண்ணு சரியில்ல."

சாவியைக் கொடுத்தாள். மெக்கானிக் "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் போனார்.

வளாகத்துக்கு வெளியே பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும்.

"எப்பலேருந்து?" என்றார் டைம்கீப்பர் பாதி வழியில்.

"தெரிஞ்சு ஏழு வாரம்."

"ஏழு வாரம்" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. "சரியாகுமா?"

"ஆகாதாம். இன்னும் சுருங்குமாம்."

அவர் தலையாட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு, ஏதோ ஒரு வேலை கிடைத்தால் தேவலை என்பவர் மாதிரி, "எந்தப் பக்கம் தெரியலன்னு சொல்லு. நான் அந்தப் பக்கம் வரேன்" என்றார்.

"ரெண்டு பக்கமுந்தாங்க."

அவர் நின்றுவிட்டார். சாலைப் பக்கமாக வந்து அவளோடு நடந்தார். நாலு அடி போனதும் சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, அவளுக்கு முன்னால் குறுக்கே கடந்து சுவர்ப் பக்கம் போனார். பிறகு மறுபடி சாலைப் பக்கம் வந்தார். இந்தப் பக்கம் போனாலும் அவர் மறைந்து போனார், அந்தப் பக்கம் போனாலும் மறைந்து போனார். நடுவில் குறுக்கே கடக்கும் அந்த ஒரு நொடிதான் அவர் அவளுக்குத் தெரிந்தார், எங்கே நிற்பது என்று தெரியாத முகத்தோடு. நாலாவது தடவை அவர் அப்படிக் கடந்தபோது பிரேக்கம்மா சாலை என்றும் பாராமல் உடைந்து அழுதாள்.